எல்லாம் நார்மல்

நம் ஊரில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்குக் கால் மரத்துப் போகாது. டென்ஷன்தான் வரும். கை மதமதத்தால் டென்ஷன். பேச்சு நடுவே சொல் மறந்தால் மெனோபாஸ். நடை தள்ளாடினால் 'தூக்கம் பத்தலை'. அதே வயது ஆணுக்குச் சுண்டுவிரல் நடுங்கினால் போதும், மச்சான் வரைக்கும் பதறிப் போய் நரம்பு டாக்டரிடம் டோக்கன் போடுவார்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ரேஷன் கடைக்குப் போய் வந்தார். வாசலில் பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே நழுவியது, தெரியவில்லை. நழுவியதே தெரியவில்லை. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஆள் சாய்கிறது. குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவுகிறார். நரம்பியல் படித்தவருக்கு இந்த இரண்டு வாக்கியமே பாதி நோயைச் சொல்லிவிடும்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டையும் கேட்டார். கேட்டுவிட்டு அக்காவை விட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்: "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?" அவரும், "சீரியல் கொஞ்சம் ஜாஸ்தி பார்ப்பா டாக்டர்" என்றார். நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மேசைக்கு அடியில் இருந்த காலை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சும்மா அனுப்பினால் கட்டடத்துக்கு வாடகை யார் கொடுப்பது? மூளைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எல்லாம் நார்மல். மரத்திருந்தது பாதம், படம் எடுத்தது தலைக்கு. அந்தப் படத்தில் பாதத்து நரம்பு தெரியாது; நெஞ்சுக்குப் பின்னால் இறங்கும் தண்டுவடமும் தெரியாது. ஹீமோகுளோபினும் சரியாக இருந்ததாம், அதனால் சத்துக் குறைவும் இல்லையாம். ரத்தசோகை இல்லாமலே வைட்டமின் பி12 குறைந்து நரம்பைத் தின்னும் என்பது எந்த மருத்துவப் பாடநூலிலும் இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், 'கேஸு'க்கு தினம் ஒரு பான்டோபிரசோல். வருடக்கணக்கில் விழுங்கினால் இரண்டுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை. இரண்டும் அக்காவின் சீட்டில் இருந்தன. எழுதியவர்களே படிக்காத சீட்டு.

டாக்டர்களுக்கு இது புதிய வியாதி அல்ல. லண்டன் குவீன் ஸ்குவேர் நரம்பியல் மருத்துவமனையில் 'ஹிஸ்டீரியா' முத்திரை குத்தப்பட்ட 85 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று மனநல மருத்துவர் எலியட் ஸ்லேட்டர் தேடிப்போய் 1965இல் எழுதினார். பலருக்கு உடலில் நிஜமான நோய் இருந்தது. சிலர் செத்தே போயிருந்தார்கள்.

மனத்தின் வழியாகவும் கால் செயலிழக்கும், மறுக்கவில்லை. அதுவும் நிஜமான நோய், வைத்தியம் உள்ள நோய். ஆனால் அதைச் சொல்லவும் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு காலைத் தூக்கச் சொல்லி மறு குதிகாலுக்கு அடியில் கை வைத்துப் பார்க்கும் சோதனையை ஹூவர் என்ற மருத்துவர் 1908லேயே சொல்லிவிட்டார். 'டென்ஷன்' என்று சொல்ல நம்மவர்களுக்குக் கணவனின் வாக்குமூலம் போதும்.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில், தூக்கம் வழியும் கண்ணோடு ஒரு பயிற்சி மருத்துவர். பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்போமே, அந்த இசைக்கவையைத் தட்டி அக்காவின் கணுக்கால் எலும்பில் வைத்தாள்.

"அதிருதாம்மா?"

"எங்கம்மா வச்சிருக்க?"

பி12 படுபாதாளத்தில் இருந்தது. ஊசி போட்டார்கள். நடை ஓரளவு திரும்பியது. பாதம் முழுதாகத் திரும்பவில்லை. தாமதமானால் அப்படித்தான். அந்தத் தாமதத்துக்கு யாரும் பில் போடவில்லை.

அக்காமார்களே, அடுத்த முறை 'ஒண்ணுமில்லம்மா' என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். எதைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விடாதீர்கள்.