கன்னுக்கார மாமா

சாமல்பட்டியில் தெருவுக்கு ஒரு கன்னுக்கார மாமா உண்டு. எங்கள் தெரு மாமா ரிட்டயர்டு ஆசாமி. வாசலில் செம்பருத்தி வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார். நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு புதர். உள்ளே எங்கோ இரண்டு சிவப்புப் பூ.

களைக்கொத்தியோடு யார் குனிந்தாலும் திண்ணையிலிருந்து குரல் வரும்: "கை வைக்காதப்பா! அது கீழாநெல்லி, மஞ்சக்காமாலைக்கு ஆகும்." பக்கத்தில் இருப்பது? "குப்பைமேனி, சொறிசிரங்குக்கு." சரி, கோரையையாவது எடுக்கலாமென்றால், கிழங்கு குளியல் பொடிக்காம். (எடுத்தும் பயனில்லை. தாள் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்து மறுபடி முளைக்கும்.) மாமாவுக்கு இதுவரை காமாலையும் வந்ததில்லை, சிரங்கும் வந்ததில்லை. மருந்து மட்டும் தயார்.

பார்த்தீனியம் ஒன்றுதான் அவர் சட்டத்தில் களை. 1955இல் புனே பக்கம் தலைகாட்டியது நம்மூர் ரயில்பாதை ஓரம் வரை வந்த கதையை முழுதாகச் சொல்வார். பூ விடுமுன் வேரோடு எடுக்கணும், வெறுங்கையில் தொட்டால் அரிக்கும் என்பார். சொல்வது அவர், எடுப்பதும் அரிப்பதும் நமக்கு.

காக்கை வேப்பம்பழத்தைத் தின்றுவிட்டுச் செம்பருத்தியில் உட்கார்ந்து கொட்டையைப் போடும், அடியில் கன்று முளைக்கும். மாம்பழ சீசனில் காக்கை வேலையை மாமாவே பார்க்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்கு மாங்கொட்டையைக் குப்பையில் போட மனசு வருமா? பெங்களூராவைச் சப்பிவிட்டுச் செடியடியில் வீசுவார். கொட்டையில் வந்த கன்று தாய்மரம் மாதிரி காய்க்காது, ஒட்டுக்கட்டினால்தான் ஜாதி நிற்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் முளைத்ததைப் பிடுங்கி எறிய மாட்டார். தானம் செய்வார்.

பால் கவரில் மண், மண்ணில் கன்று. சிலிண்டர் போட வந்தவர்கூடத் தப்பியதில்லை. ஓசூரில் மூன்றாம் மாடியில் இருக்கும் மகன் வீட்டு பால்கனியில் வேம்பு நாலு, மா இரண்டு. "துணி காயப்போட இடமில்ல மாமா" என்று மருமகள் போனில் அழுதாள். "வேப்பங்காத்துல சீக்கிரம் காயும்மா" என்றார்.

போன ஞாயிறு என்னைக் கூப்பிட்டு, "செம்பருத்தி பூக்கவே மாட்டேங்குதுப்பா, என்ன உரம் போடலாம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கையில் கவர் ஏறிவிட்டது.

சேலம் – ஜோலார்பேட்டை பாதையில் ரயிலில் சாமல்பட்டிக்கு வருபவர்கள் கவனிக்க: கன்று வேண்டாதவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளவும்.