அழுகாத படகு

கோயமுத்தூருக்குக் கடல் இல்லை. அதனாலென்ன, குளங்கள் இருக்கின்றன. வாலாங்குளத்தில் படகுச் சவாரியே உண்டு. இந்த ஊரில் யார் பழைய ஃபைபர் படகு வாங்கினாலும் விற்பவர் ஒரு வாக்குறுதி தருவார்: “ஃபைபருங்க, அழுகவே அழுகாதுங்க!”

பொய்யில்லை. ஃபைபர் அழுகாது. மேல்தளம் விறைப்பாக நிற்க இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே வைத்த பிளைவுட்தான் அழுகும். சீட்டை முடுக்கிய ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர், உள்ளேயே குடியிருந்துவிடும். வெளியே பளபளப்பு, காலை வைத்தால் மெத்தை. சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் ‘டங்’ என்னும், கெட்ட இடம் ‘தொப்’ என்னும்.

முறையான வைத்தியம்: மேல்தோலை அறுத்தெடுத்து, ஊறிய பலகையைச் சுரண்டி, அடியை நன்றாகக் காயவிட்டு, புதுப் பலகையை ரெசினில் பதித்து, மேலே ஃபைபர் மேட் ஒட்டுவது. காயவிடும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. நடைமுறை வைத்தியம்: பச்சைக் கார்ப்பெட். படகுச் சவாரித் திறப்பு விழாவுக்கு அது தாராளம்.

கோயமுத்தூர் பக்கம் பரளிக்காட்டில் சுற்றுலாவுக்கு விடும் பரிசலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதற்கு மேல்தளமே இல்லையே!

சீட்டை முடுக்கும் முன் ஓட்டைக்குள் கொஞ்சம் எபாக்சி பூசியிருந்தால் போதும், செலவு சில்லறையோடு போயிருக்கும். ஆனால், சில்லறைக்கு யாருங்க டெண்டர் விடுவாங்க?