இல்லாத நாட்டின் இருக்கிற ஆலை

பெங்களூரு விமான நிலையத்துக்குப் பக்கத்தில், தேவனஹள்ளியில், பாக்ஸ்கான் ஆலை ஐபோன் செய்கிறது. நிறுவனம் தைவானுடையது. டெல்லியின் பேரேட்டில் தைவான் என்றொரு நாடே கிடையாது. 1949 டிசம்பர் 30 அன்று மக்கள் சீனத்தை அங்கீகரித்ததோடு அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். இல்லாத நாட்டுக்காரருக்கு நிலம் கொடுக்க மட்டும் கர்நாடகம் தயங்கவில்லை. தயங்கினால் அவர் ஸ்ரீபெரும்புதூரிலேயே இன்னொரு ஆலை கட்டிவிடுவார் அல்லவா!

தைப்பேயில் நமக்குத் தூதரகம் இல்லை. 1995 முதல் ‘இந்தியா–தைப்பே சங்கம்’ இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் நவராத்திரிக்குச் சுண்டல் கொடுக்கும் சங்கம் போலப் பெயர். நாற்காலியில் இருப்பவரோ வெளியுறவுப் பணி அதிகாரி. தூதர் என்று கூப்பிடக் கூடாது, தலைமை இயக்குநர். அவர்களும் பதிலுக்கு டெல்லியில் ‘பொருளாதார, பண்பாட்டு மையம்’ வைத்திருக்கிறார்கள். 2012-ல் சென்னையிலும் ஒன்று திறந்தார்கள். காவிரிக்கு எவ்வளவு மல்லுக்கு நின்றாலும், தைவான் விசாவுக்குப் பெங்களூருக்காரர் சென்னையைத்தான் பார்க்க வேண்டும்.

‘ஒரே சீனா’ என்று கூட்டறிக்கைகளில் எழுதுவதை 2010 வாக்கில் நிறுத்தினோம். கைவிட்டோம் என்றும் சொல்லவில்லை. 2024 ஜூனில் மோடியின் தேர்தல் வெற்றிக்குத் தைவான் அதிபர் லாய் வாழ்த்துச் சொன்னார், மோடி நன்றி சொன்னார், பெய்ஜிங் முகம் சுளித்தது. அதே ஆண்டு பாக்ஸ்கான் தலைவர் யங் லியூவுக்குப் பத்ம பூஷண். பட்டியலில் ‘மாநிலம்/நாடு’ என்ற பத்தியில் அவர் பெயருக்கு நேரே ‘தைவான்’. மாநிலமா, நாடா என்பதைப் பெய்ஜிங் தன் வசதிப்படி படித்துக்கொள்ளலாம்.