சுறாப்புட்டும் 400-ஆம் எண் பூனையும்

கே: செவுளைத் தூக்கி, ரத்தச் சிவப்பு இருந்தால்தான் மீன் வாங்குகிறேன். அப்படியும் பாதரசம் இருக்குமா? (தூத்துக்குடி)

ப: மீன் எப்போது செத்தது என்பதைத்தான் செவுள் சொல்லும், எதைத் தின்று வளர்ந்தது என்று சொல்லாது. மீனுக்குள் போன பாதரசத்துக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கே: மஞ்சள், உப்பு போட்டு நாலு தண்ணீர் அலசினால்? (காரைக்கால்)

ப: கவிச்சி போகும். மீனில் சேரும் மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டிக் கிடப்பது. வறுத்தாலும் புளிக்குழம்பில் கொதித்தாலும் அசையாது. குடலையும் ஈரலையும் கழித்தால் அங்கே சேர்ந்த காட்மியம் தொலையும். அந்த மட்டும் லாபம்.

கே: அவ்வளவு பெரிய கடலில் கொஞ்சம் பாதரசம் கரைந்து போகாதா? (நாகப்பட்டினம்)

ப: கடல் கரைக்கும், மீன் சேர்த்து வைக்கும். பாசியைத் தின்பதைச் சின்ன மீன் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, சுறாவுக்கு வரும்போது வட்டி குட்டி போட்டிருக்கும்.

கே: மீனுக்கு ஒன்றும் ஆகாதா? (ராமேஸ்வரம்)

ப: குழம்பை விட்டுவிட்டு மீனைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்! பாதரசம் இருக்கட்டும், லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பு கரைந்தாலே சால்மன் குஞ்சுகளுக்கு மோப்பம் மழுங்குகிறது. பக்கத்து மீனின் தோல் கிழிந்து பரவும் அபாய வாசனை தெரியாமல் எதிரியின் வாய்க்கே போய் நிற்கும். செவுளில் சளி கட்டி மூச்சு முட்டுவது தனிக்கதை.

கே: மீனில் பாதரசம் என்ற ஆபத்தை முதலில் கண்டுபிடித்தது விஞ்ஞானியா, அரசாங்கமா? (மதுரை)

ப: பூனை. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலை 1932 முதல் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அந்த மீனைத் தின்ற பூனைகள் ஆடி ஆடிக் கடலில் விழுந்தன. மனிதருக்கும் நோய் என்று பதிவானது 1956-இல். ஆலையின் சொந்த மருத்துவர் ஹொசொகவா 1959-இல் அந்தக் கழிவை 400-ஆம் எண் பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். அதுவும் துடித்தது. நிர்வாகம் அதை வெளியே விடவில்லை. கழிவை மட்டும் 1968 வரை விட்டது.

கே: பிள்ளை பெற்ற மகளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கலாமா? (கன்னியாகுமரி)

ப: பாட்டி வைத்தியத்தில் ஆலைக்கழிவு கணக்கில் இல்லை. வயசான பெரிய சுறா வேண்டவே வேண்டாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஆபத்து உண்டு: மினமாட்டாவில் அறிகுறி அதிகமில்லாத தாய்மாருக்கும் நோயோடு பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடியால் அந்த நஞ்சைத் தடுக்க முடியவில்லை. மத்தி, நெத்திலி வாங்கிப் போடுங்கள். வயசும் கம்மி, பாதரசமும் கம்மி, விலையும் கம்மி.

கே: இனி ஆலையின் அறிக்கையை நம்புவதா, பூனையை நம்புவதா? (சென்னை)

ப: பூனையை. அதற்கு ஆலையில் பங்கு கிடையாது.