தாராவிக்கு ஒரு மைதானம்

கேள்வி: தென்கொரியக் கால்பந்து வீரர் சன் ஹியுங்-மின் மாதிரி எங்கள் தாராவிப் பையன் ஒருவன் ஐரோப்பாவில் ஆட முடியாதா?
– ஒரு வாசகர், தாராவி, மும்பை

பதில்: ஏன் முடியாது? கால் இருக்கிறது, வேகம் இருக்கிறது. சந்தில் ஆடிப் பழகியவனுக்கு நெருக்கடியில் பந்தைக் காப்பாற்றவும் தெரியும்! சன்னுக்கு வாய்த்தது கண்டிப்பான அப்பா. முன்னாள் ஆட்டக்காரரான அவர், மகனுக்கு கோல் அடிப்பதையா முதலில் கற்றுக்கொடுத்தார்? பந்தைத் தரையில் விடாமல் மணிக்கணக்கில் தட்டவைத்தார். பதின்வயதிலேயே ஜெர்மனி போன பையன், ஹாம்பர்க், லெவர்குசன் கிளப்புகளைத் தாண்டி 2015-இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் சேர்ந்தான். 2021-22 பிரீமியர் லீக்கில் 23 கோல், அதில் ஒன்றுகூட பெனால்டி இல்லை. அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை எகிப்து வீரர் சலாவுடன் பகிர்ந்துகொண்டார்; அதை வென்ற முதல் ஆசியர் அவர்.

அவருக்கு முன்பே இன்னொரு தென்கொரியர் சா பும்-குன் ஜெர்மன் லீக்கில் 98 கோல் அடித்துக் கதவைத் திறந்துவைத்திருந்தார். நம் பக்கம் பாய்ச்சுங் பூட்டியா 1999-இல் இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போனார். பின்னால் வரிசைதான் நீளவில்லை. ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விமல் யோகநாதன் இன்று இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கிளப்பில் ஆடுகிறார். ஆனால் அவர் வளர்ந்தது வேல்ஸில், புல்தரை நடுவே.

தாராவியில் அந்தப் புல் எங்கே? மறுசீரமைப்பு வரைபடத்தில் எத்தனை மாடி என்று கேட்கும்போதே, 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலத்தில் ஒரு மைதானம் எங்கே என்றும் கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள்.