மாப்பிள்ளை வைரஸுக்குப் பித்தநீர் விருந்து

ஆய்வகத்தில் குட்டிக் குடல் வளர்க்கிறார்களாமே, அதற்குச் சோறு போட வேண்டுமா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

போட வேண்டும், ஆனால் சோறு இல்லை, ஊட்டநீரும் சில வளர்ச்சிப் புரதங்களும். 2009-ல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸும் தோஷிரோ சாட்டோவும் எலிக் குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லைக் கூழ் போன்ற பொருளில் வைத்து வளர்த்தார்கள். அது பெருகிப் பெருகி, நடுவே பொந்துள்ள உருண்டையாகி, சுற்றிலும் மொட்டு விட்டது. சத்தை உறிஞ்சும் செல், கோழை சுரக்கும் செல் எல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. இரண்டே ஆண்டில் மனிதக் குடலுக்கும் இது பலித்தது. ஆர்கனாய்டு என்று பெயர். கடுகு அளவுகூட இருக்காது.

யாருடைய குடலில் இருந்து எடுக்கிறார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

தூங்கும்போது வந்து எடுக்க மாட்டார்கள். எண்டோஸ்கோப்பியில் கிள்ளிய துணுக்கு, உடல் பருமனுக்கு அறுவை செய்துகொண்டவர் சம்மதித்துக் கொடுத்த சிறுகுடல் துண்டு, இவை போதும்.

இதனால் உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா, இல்லை வெறும் விளையாட்டா?
– ஓய்வுபெற்ற தாசில்தார், சேலம்

நடந்திருக்கிறது. 1968 அக்டோபரில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் மாணவர், ஆசிரியர்களில் பாதிப் பேர் வாந்தியில் விழுந்தார்கள். 1972-ல் ஆல்பர்ட் கபிகியன் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குற்றவாளியைப் பார்த்துவிட்டது. இன்று அதன் பெயர் நோரோ வைரஸ். ஆளைப் பிடித்தாயிற்று, ஆனால் ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. எத்தனையோ வகை செல்களைப் பரிமாறிப் பார்த்தார்கள். முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி எதையும் தொடவில்லை. வேறு வழியின்றி எலியைத் தாக்கும் அதன் பங்காளி வைரஸை வளர்த்து, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துக் காலம் தள்ளினார்கள்.

2016-ல் ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டஸ் குழு மனிதக் குட்டிக் குடலைக் கொடுத்துப் பார்த்தது. கூடவே பித்தநீரும். வளர்ந்தது! சில வகைகள் பித்தநீர் இல்லாமல் அசையவே இல்லை. சில, இருந்தால் கூடுதலாகப் பெருகின. வைரஸ் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் இறங்கியதும் எதிர்கொள்வது பித்தநீரைத்தானே? என்னைக் கேட்டால், இந்த ஆய்வில் கருவியைவிட அழகு இந்த யோசனைதான்.

ஒரே பந்தியில் சாப்பிட்டோம். எனக்கு வாந்திபேதி, என் மனைவிக்கு ஏப்பம்கூட இல்லை. ஏன்?
– நொந்துபோன கணவர், திண்டுக்கல்

இரண்டாவது முறை பாயசம் வாங்கியது நீங்கள் மட்டும்தானோ? அது இல்லையென்றால், மரபணுவிலும் காரணம் இருக்கலாம். குடல் செல்லின் மேல் ஒருவகைச் சர்க்கரையைப் பொருத்தும் எஃப்.யு.டி.2 என்ற மரபணு சிலருக்கு வேலை செய்யாது. ஐரோப்பியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அப்படி. பல நோரோ வைரஸ் வகைகளுக்கு அந்தச் சர்க்கரைதான் பிடிமானம். அப்படிப்பட்டவரின் செல்லில் வளர்த்த குட்டிக் குடலிலும் அந்த வகைகள் தோற்றுப்போயின. எல்லா வகையும் தோற்பதில்லை. மனைவியை அடுத்த பந்திக்குப் பரிசோதனையாக அனுப்ப வேண்டாம்.

உருண்டைக்குள் வைரஸ் எப்படிப் போகும்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

பெரிய விஞ்ஞானிகளைத் திணறடித்த கேள்வி, தம்பி. சாப்பாட்டைத் தொடும் பக்கம் உருண்டையின் உள்ளே இருக்கிறது. எனவே நுண்ணிய ஊசியால் குத்தி விட்டார்கள்; இல்லையென்றால் உருண்டையை உடைத்துத் தட்டையாகப் பரப்பினார்கள். 2019-ல் ஸ்டான்ஃபோர்டில் உட்புறத்தை வெளிப்புறமாகவே திருப்பிவிட்டார்கள்.

கைக்குச் சானிடைசர் போட்டால் போதும்தானே?
– ஹோட்டல் உரிமையாளர், ஈரோடு

நோரோ வைரஸுக்குப் போதாது. அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2018-ல் இதைக் குட்டிக் குடலில் சோதித்தது. 70 சதவீத ஆல்கஹாலில் ஐந்து நிமிடம் இருந்த பிறகும் வைரஸ் முழுதாக ஒடுங்கவில்லை. குளோரின் கரைசல் ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டது. கைக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும், தரைக்கும் மேஜைக்கும் பிளீச்சிங் கரைசல். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கொரோனா நுரையீரல் சமாச்சாரம்தானே?
– வாசகர், காரைக்குடி

குடலிலும் கைவரிசை காட்டியது. 2020-ல் டச்சு விஞ்ஞானிகள் குட்டிக் குடலின் உறிஞ்சும் செல்களுக்குள் அது நன்றாகப் பெருகுவதைக் காட்டினார்கள்.

இனி ஆய்வக எலிகளுக்கு விடுதலையா?
– விலங்கு நேசர், கோவை

அவசரப்படாதீர்கள். குட்டிக் குடலை வளர்க்கப் பெரும்பாலோர் பயன்படுத்தும் அந்தக் கூழே எலியின் புற்றுக்கட்டியில் இருந்து எடுப்பது. அதோடு, இது குடலின் உட்படலம் மட்டும். ரத்த ஓட்டம், தசை, நரம்பு, நோய் எதிர்ப்புச் செல், கோடிக்கணக்கான பாக்டீரியா எதுவும் இதில் இல்லை. வாந்தி எடுக்கக்கூடத் தெரியாது. “குடலையே உருவாக்கிவிட்டார்கள்” என்று தலைப்புப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சரி, தடுப்பு மருந்து எங்கே?
– ஒரு பாட்டி, வேலூர்

நோரோ வைரஸுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் மருந்தால் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் புரதம் நிஜ வைரஸைத் தடுக்கிறதா என்று குட்டிக் குடலில் இப்போது நேரடியாகவே பார்க்க முடிகிறது; 2016-க்கு முன் அதற்கு வழி இல்லை. குழந்தைகளைப் படுத்தும் ரோட்டா வைரஸுக்கு மருந்து இருக்கிறது. டெல்லியில் ஒரு பச்சிளங்குழந்தையிடம் கிடைத்த வைரஸில் இருந்து உருவான ரோட்டாவேக் சொட்டு மருந்தை டெல்லி, புனேயோடு உங்கள் வேலூரிலும்தான் சோதித்தார்கள். ரோட்டா சொட்டு மருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். பேரப்பிள்ளைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் போட்டிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், பாட்டி.