இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை

ரஜூலா கப்பலில் எதைக் கொண்டுபோகக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் மூட்டை முடிச்சோடு நின்ற ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே விதி, ஒரு கூலியாள் தூக்க முடிந்தால் அது சாமான், முடியாவிட்டால் அதற்கு இரண்டு கூலியாள் என்பதுதான். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய அந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பலுக்கு ஒரு காலத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள அனுமதி இருந்ததாம்; ஆளுக்கொரு ஊறுகாய் ஜாடி என்று வைத்துக்கொண்டாலே கணக்கு எங்கே போகிறது பாருங்கள். பினாங்கில் கடை வைத்திருந்த அப்பாவிடம் எங்களை அழைத்துக்கொண்டு போன அம்மா, ஜாடியோடு நிற்கவில்லை, ஒரு குட்டி அம்மியையும் குழவியையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பினாங்கில் கல்லே கிடைக்காதா என்று கேட்ட சித்தப்பாவுக்கு, “கிடைக்கும், அதுல அரைச்சா துவையலா வரும்?” என்று பதில் கிடைத்தது. கப்பல் கரையை ஒட்டி வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில்தான் போய் ஏற வேண்டும். அலையில் ஆடிய படகிலிருந்து அந்த அம்மி மேலே போனபோது கீழே நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் உட்பட. கப்பல்காரர் ஒருவர்கூட அது என்ன என்று கேட்கவில்லை.

இப்போது கேட்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகள், எங்களுக்குக் கல்யாண நாள் பரிசாக ஒரு குரூஸ் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டு, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் அந்தக் கப்பலின் தடைப் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். இஸ்திரிப் பெட்டி கூடாது. மின்சாரக் கெட்டில் கூடாது, ரைஸ் குக்கர் கூடாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி என்று புகை வரும் எதுவும் கூடாது. நாலு அங்குலத்துக்கு மேல் கத்தி கூடாது. ட்ரோன் கூடாது என்றும் இருந்தது. அதில் மட்டும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டில் சமைத்த உணவும் கூடாது, கடையில் வாங்கி உறை பிரிக்காததாக இருந்தால் பரவாயில்லை. என் மனைவி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பட்டியல் முழுவதையும் படித்துவிட்டு, “ஏங்க, இதெல்லாம் இல்லாம மனுஷன் எதுக்கு ஊருக்குப் போறது?” என்றாள். அவள் பெட்டியில் அதற்குள் போயிருந்தவை என்னென்ன என்பதற்கு அந்தப் பட்டியலே அத்தாட்சி.

மதுவுக்குத் தனிப் பகுதி. வயது வந்த பயணி ஒருவர், ஏறுகிற நாளில் மட்டும், 750 மில்லி வைன் பாட்டில் ஒன்று, மூடி திறக்காமல், கையோடு எடுத்துவரலாம். அதையும் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துக் குடிப்பதானால், மூடியைத் திறந்து கொடுக்கும் சேவைக்குத் தனிக் கட்டணம் வாங்கும் கம்பெனிகள் உண்டு. நம் பாட்டில், நம் வாய், நடுவில் ஒரு திருகாணிக்குப் பதினைந்து டாலர். பிராந்தி, விஸ்கி, ரம் எதுவும் உள்ளே வரக்கூடாது. வழியில் துறைமுகத்தில் வாங்கினால் வாசலிலேயே வாங்கிச் சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டு பயணம் முடியும்போதுதான் தருவார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு எம்.வி. சிதம்பரம் நினைவுக்கு வந்துவிட்டது. ரஜூலா போன பிறகு அந்தத் தடத்தில் ஓடிய கப்பல். பிரெஞ்சுக்காரர்கள் 1966-ல் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் ஓடவிட்டதை நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி, சிதம்பரம் என்று பெயர் சூட்டிச் சென்னைக்கும் நாகைக்கும் சிங்கப்பூருக்குமாக அலையவிட்டது. ஏழைபாழைகளுக்கு வரிசை வரிசையாகப் பங்க் படுக்கை, வசதியானவர்களுக்குக் கேபின், நடுவில் ஒரு பார். பெயரோ சிதம்பரம், உள்ளேயோ பார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், சொல்லிவிட்டு அங்கேதான் போவார்கள்.

1976-ல் நான் அதில் ஊர் திரும்பினேன். காதை மூடிய கிருதா, தளத்தைப் பெருக்கிக்கொண்டு போகும் பெல்பாட்டம், இரவு எட்டு மணிக்கும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி, மடியில் ஒரு டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர். கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்றுதான் பாட்டு வைப்பது, ஆனால் யாருக்காகவும் வைக்கவில்லை என்பது போல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது. பேட்டரி தீர்ந்த பிறகும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு வழியில்லை. சினிமாவில் அன்றைக்கு வில்லன் வீட்டில் மட்டும்தான் கண்ணாடி அலமாரியும் கலர் கலராகப் பாட்டிலும் இருக்கும், எம்.ஜி.ஆர். தொடமாட்டார், எனக்கு எம்.ஜி.ஆராகவும் இருக்க வேண்டும், அந்த அலமாரிக்குப் பக்கத்திலும் உட்கார வேண்டும். ஆகவே பாரில் போய் ஒரு ஆரஞ்சு ஸ்குவாஷ் வாங்கி, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வேறு எதுவாகவோ தோன்றும்படி கோப்பையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் இருந்திருக்கிறேன். உங்களிலும் சிலர் அப்படி ஒரு கோப்பையைப் பிடித்திருப்பீர்கள், எந்தக் கல்யாண மண்டபத்து மொட்டைமாடியிலோ.

தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. மாகாணம் முழுவதும் 1948-ல் வந்த விலக்கு, 1971-ல் தளர்ந்து, 1974-ல் மறுபடி இறுகியிருந்த சமயம். ஆகவே கப்பலில் ஒரு விசித்திரமான நாட்காட்டி இருந்தது. நிக்கோபார் தாண்டும் வரை ஆட்டம் பாட்டம். அதற்கப்புறம் ஒவ்வொரு மைலுக்கும் ஒழுக்கம் கூடிக்கொண்டே வரும். கடைசி நாள் காலையில், ஒரு வாரமாகப் பாரை விட்டு நகராதவர்கள் குளித்துமுழுகி, திருநீறு துலங்க, வாயில் கிராம்பும் ஏலக்காயுமாகத் தளத்துக்கு வந்து கடலைக் கும்பிடுவார்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலின் மதுச் சரக்கறைக்குச் சுங்கத்தார் முத்திரை வைத்துவிடுவார்கள், அது கப்பலுலகத்தில் எங்கும் உள்ள வழக்கம். முத்திரை வைக்க முடியாதது பெட்டிகளுக்குத்தான். மாமனாருக்கு என்று ஒரு பிராந்தி, ஊர்ப் பெரியவருக்கு என்று ஒரு விஸ்கி; மைலோ டின்னுக்குள் ஒன்று, சுருட்டிய மெத்தைக்குள் ஒன்று, கைலிக் கட்டுக்கு நடுவில் ஒன்று. எங்கள் பக்கத்துப் பங்க்கில் வந்தவர் ஒரு தலைத்தைலப் பாட்டிலைக் கழுவி நிரப்பிவைத்திருந்தார், நம்பகமாக இருக்கட்டும் என்று தலையில் வேறு நிஜமான தைலத்தை வழிய வழியத் தடவியிருந்தார். சோதனை மேசையில் இருந்த அதிகாரி டின்னைத் திறக்கவே மாட்டார். விரல் முட்டியால் தட்டுவார், காதைக் கொடுப்பார், சிரிப்பார். சிரித்தால் முடிந்தது. தைலக்காரர் என்னவோ தப்பித்துவிட்டார். அவர் தலையைப் பார்த்த அதிகாரி அருகில் வரவே யோசித்தார்.

அன்றைக்குப் பாட்டிலைக் கப்பலிலிருந்து கரைக்குக் கடத்தினோம். இன்றைக்குக் கரையிலிருந்து கப்பலுக்குக் கடத்துகிறார்கள். கரை தாகத்தில் இருந்தபோது கப்பல்தான் சோலை. அமெரிக்காவிலும் இதே கதைதான், 1920-லிருந்து 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்தபோது, எங்கும் போகாமல் கடலெல்லைக்கு வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும் கப்பல் பயணங்களுக்குக் கூட்டம் அலைமோதியிருக்கிறது. அவர்கள் பார்க்கப் போனது நீலக்கடலை அல்ல. இன்று கரையில் ஆறாக ஓடுகிறது, கப்பலோ வாசலில் எக்ஸ்ரே வைத்துக்கொண்டு நிற்கிறது. அப்போது தடுத்தவர்களுக்கு நம் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலை. இப்போது தடுப்பவர்களுக்குக் கவலை கல்லாவைப் பற்றி. நம் ஊரிலும் 2003-ல் அரசே சில்லறைக் கடைகளை எடுத்து நடத்த ஆரம்பித்தபின், அரசும் கப்பல் கம்பெனியும் ஒரே தொழிலுக்கு வந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்; இரண்டு பேருக்குமே வெளிச்சரக்கு உள்ளே வந்தால் பிடிப்பதில்லை.

கடத்துகிறவர்களின் கற்பனை மட்டும் வற்றவில்லை. வாய் கொப்பளிக்கும் மருந்துப் பாட்டிலில் வோட்காவை ஊற்றி, பச்சைச் சாயம் ஒரு சொட்டு விட்டு மூடிவிடுகிறார்கள். மடித்து வைக்கும் பிளாஸ்டிக் பைகள் இதற்கென்றே விற்பனைக்கு வருகின்றன. தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி மூடியை ஒட்டுகிறவர்கள் பெருகியதால், கார்னிவல் கம்பெனி 2015-ல் தண்ணீர்ப் பாட்டிலையே ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. தாகம் தீர்க்க டின்னில் அடைத்தது எடுத்துவரலாம், அதுவும் அளவோடு. அதே கம்பெனியின் மதுத் திட்டத்தில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 கோப்பைதான், அதற்குமேல் கிடையாது. நம் உடம்பின்மேல் இவ்வளவு அக்கறை காட்டியவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அறையில் ஒருவர் அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் கூட இருக்கும் பெரியவர்களும் சேர வேண்டும் என்று வைத்திருக்கிற கம்பெனிகள் பல. புருஷன் கோப்பையில் பெண்டாட்டி ஒரு வாய் குடித்துவிடக் கூடாதே. இளநீர் தவிர வேறொன்றும் அறியாத என் மனைவியும் மதுப் பயனாளியாக வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், என்னை அந்தத் திட்டத்தில் சேர்க்கும் யோசனையை மாப்பிள்ளை கைவிட்டார்.

இஸ்திரிப் பெட்டி விஷயத்தில் நான் அவ்வளவு கேலி பேசமாட்டேன். கப்பலில் மின்னோட்டத்தின் அமைப்பே வீட்டிலிருப்பது மாதிரி இல்லை, வீட்டில் காப்பாற்றுகிற சர்ஜ் புரொடெக்டரே அங்கே தீக்குக் காரணமாகலாம் என்கிறார்கள். 2006-ல் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பலில் பால்கனிகள் வரிசையாக எரிந்தபோது, அணையாத ஒரு சிகரெட் துண்டின்மேல்தான் சந்தேகம் விழுந்தது. அவ்வளவு தூரம் போவானேன். 1985 பிப்ரவரியில் எங்கள் சிதம்பரமே நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் மாண்டார்கள், பங்க்கில் படுத்திருந்த ஜனங்கள். அதோடு கப்பலும் உடைப்புக்குப் போய், அந்தத் தடமும் முடிந்துபோயிற்று. அந்தச் செய்தியை நாளிதழில் படித்த அன்று அம்மா சாப்பிடவில்லை.

சிங்கப்பூர்த் துறையில் எங்கள் பெட்டி தனியாக ஒதுக்கப்பட்டது. ஓர் அறையில் மேசை போட்டு, கையுறை மாட்டிய ஒரு பிலிப்பினோப் பெண் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெட்டிக்காரர்கள், பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றப்பட்ட பையன்களின் முகத்தோடு. இஸ்திரிப் பெட்டி வெளியே வந்தது, கெட்டில் வந்தது, ஊதுபத்திக் கட்டு வந்தது, கற்பூர டப்பா வந்தபோது அவள் அதை முகர்ந்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள், அடுத்தவள் மேலதிகாரியிடம் கொடுத்தாள். பிறகு தேங்காயெண்ணெய்ப் பாட்டில். அதைத் திறந்து, மோந்து, மறுபடி மோந்தார்கள். நான் தைலக்காரரை நினைத்துக்கொண்டேன். “ஹேர்? ஃபுட்?” என்று கேட்டாள். “இரண்டும்” என்றேன், அதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை. என் மனைவி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தலையில் தேய்த்துக்காட்டிய பிறகே விடுதலை. வைன் பாட்டிலைக் கையில் ஏந்தி எங்களோடு வந்த என் சம்பந்தி மட்டும் ராஜமரியாதையோடு முன்னால் போய்விட்டார்.

உள்ளே எல்லாம் இருந்தது, அதை மறுக்க முடியாது. எட்டு விதச் சட்னியும் இருந்தது. ஆனால் ரஜூலாவின் தளத்தில், பாய் விரித்த இடமே வீடு என்று ஆனபிறகு, நாகூர்க்காரர் வீட்டுத் தம்ரூட்டு எங்கள் பக்கம் வரும், எங்கள் நார்த்தங்காய் அந்தப் பக்கம் போகும், கப்பல் ஆடி வாந்தியில் கிடந்த தஞ்சாவூர் மாமிக்கு அம்மா அம்மியில் சுக்கைத் தட்டிப்போடுவாள். வீட்டுச் சாப்பாடு கூடாது என்று ஒரு வரியில் எழுதிவிட்ட கம்பெனிக்கு எது கிருமி என்று தெரியும். அதோடு வேறு எதையெல்லாம் வாசலில் நிறுத்திவிட்டோம் என்று தெரியாது. இந்தக் கப்பலில் பக்கத்து அறைக்காரர் யார் என்றே மூன்று நாள் தெரியவில்லை. கடைசி நாள் காலை, பறிமுதல் சாமான்களைத் திரும்ப வாங்கும் வரிசையில்தான் பேச வாய்த்தது. எனக்கு முன்னால் கோயமுத்தூர்க்காரர், பினாங்கில் வாங்கிக் கப்பல் பிடித்துவைத்திருந்த விஸ்கிக்காக நின்றார். பின்னால் இஸ்திரிப் பெட்டிக்காக நாங்கள். அந்த வரிசையில் எல்லாருக்கும் எல்லாரையும் பிடித்துப்போயிற்று. ஊர், பேர், பேத்தி படிப்பு, சர்க்கரை அளவு எல்லாம் அரைமணியில் தெரிந்துவிட்டன.

விமானத்தில் போய்ச் சென்னையில் இறங்கும்போது எவ்வளவு கொண்டுபோகலாம் என்று கோயமுத்தூர்க்காரர் கேட்டார். இரண்டு லிட்டர் வரை வரியில்லை என்றேன். அவர் கையிலிருந்த பையைத் தூக்கிப் பார்த்தார், கனமாகத்தான் இருந்தது.

“ஏனுங்க, இறங்குனா தெருவுக்குத் தெரு நம்ம கடை இருக்குது. இதெ எதுக்குங்க அத்தனை தூரம் தூக்கீட்டுப் போறது?”

“மாமனாருக்கா?” என்றேன்.

“மாப்பிள்ளைக்குங்க” என்றார்.